குழந்தையின் சோற்றுக்குக் கல்யாணச் சான்றிதழ் எதற்கு?

சென்ற இதழில் தகப்பன்மார்களுக்காகப் பரிந்து பேசி வெளிவந்த கட்டுரை மூன்று அறிவுரைகளைத் தருகிறது. கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் அது கல்யாணமே அல்ல. ஆகவே மனைவி ஜீவனாம்சம் கேட்க முடியாது. கல்யாணமே செல்லாது என்று ஆகிவிட்டால் அதில் பிறந்த பிள்ளைக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை. அப்படியே கொடுக்க வேண்டி வந்தாலும், பிள்ளையைக் கண்ணில் காட்டாத தாய்க்கு ஒரு பைசாகூட அனுப்ப வேண்டாம்.

மூன்றும் தவறு. முதலாவது அரைகுறையாகப் படித்ததால் வந்த தவறு. இரண்டாவது, சட்டப் புத்தகத்தை ஒரு முறை பிரித்துப் பார்த்திருந்தால் வந்திருக்காத தவறு. மூன்றாவது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வயிற்றில் அடிக்கச் சொல்லும் யோசனை. அதை ஒருவர் அச்சில் எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது. குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது என் தொழில். இப்படிப்பட்ட யோசனையைக் கேட்டுப் பணத்தை நிறுத்திவிட்டு, கையில் வாரண்டோடு வந்து நிற்கும் ஆண்களையும் எனக்குத் தெரியும்; அவர்கள் நிறுத்திய மாதங்களில் ஸ்கூல் ஃபீஸ் கட்டாமல் வகுப்புக்கு வெளியே நின்ற பிள்ளைகளையும் தெரியும்.

பதிவிலிருந்து தொடங்குவோம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பதிவைப் பற்றிப் பேசுகிறது. அதன் ஐந்தாவது உட்பிரிவு, பதிவேட்டில் எழுதாமல் விட்டதால் மட்டும் ஒரு திருமணத்தின் செல்லுபடி எந்த வகையிலும் பாதிக்கப்படாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2009-இல் தனிச் சட்டம் வந்தது. எந்த மதத்தவர் ஆனாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 60 நாள் அவகாசம் என்று வைத்தது. பதிவு செய்யுங்கள் என்று நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்கு, பென்ஷனுக்கு, நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு, அந்தத் தாளைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் பதியத் தவறியவர் சட்டப்படி ஒரு கடமையை விட்டவர் ஆவாரே தவிர, கல்யாணம் ஆகாதவர் ஆகிவிட மாட்டார்.

கட்டுரையாளர் இதோடு நிற்கவில்லை. ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, ஏழடி வைக்கவில்லை, வெறும் மாலை மாற்றித் தாலி கட்டியதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறார். இதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் எழுதுகிறார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் சொல்வது 1953-இல் சட்டமாக இருந்தது உண்மை. அந்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது. இரண்டு பேர் ஊரறிய மனமொத்துச் செய்துகொண்ட கல்யாணம், சடங்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இல்லாமல் போனது. அந்த அநீதியைத் துடைக்கத்தான் அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் இருக்க, உன்னை மனைவியாக ஏற்கிறேன், உன்னைக் கணவனாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லிக்கொண்டால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் போட்டால் போதும். தாலி கட்டினால் போதும். இவற்றில் ஏதாவது ஒன்று. அதற்கு முன்பே நடந்த சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களையும் பின்தேதியிட்டுச் செல்லும் ஆக்கியது அந்தப் பிரிவு. எத்தனையோ குடும்பங்களில் தாத்தா பாட்டியின் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமாக ஆனது அன்றுதான்.

2001-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், 7-ஏ பிரிவின்படி நடந்த திருமணத்துக்கு ஏழடி தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் எடுத்த நிலைப்பாட்டையும் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தள்ளிவிட்டது. வீட்டாருக்குப் பயந்து ஓடிவரும் இருவரிடம் ஊரைக் கூட்டு, பந்தல் போடு என்று சட்டம் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்த பிள்ளைகள் வெட்டப்படும் ஊர்களில் வாழும் நமக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரிய வேண்டும்.

தன் வாதத்துக்கு ஆதாரமாக 2024-இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அவர் காட்டுகிறார். அந்த வழக்கில் சடங்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துப் பதிவும் செய்துவிட்டார்கள். சடங்கு நடக்காதபோது பதிவுத் தாள் மட்டும் இருவரைக் கணவன் மனைவி ஆக்காது என்றது நீதிமன்றம். அதாவது, நடந்ததுதான் முக்கியம், தாள் அதற்குச் சாட்சி மட்டுமே. இந்தத் தீர்ப்பு கட்டுரையாளரின் வாதத்துக்கு நேர் எதிரி. தாள் இல்லையென்றால் கல்யாணம் இல்லை என்பவர், தாளை மட்டும் வைத்துக் கல்யாணம் ஆகாது என்ற தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். தலைப்புச் செய்தியைப் படித்தவர், தீர்ப்பைப் படிக்கவில்லை.

ஜீவனாம்ச மனுவில் திருமணத்தை எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெண் மஞ்சள் பையில் என்னென்ன கொண்டுவருவார் என்று சொல்கிறேன். ஓரம் மடங்கிய பத்திரிகை. ஸ்டுடியோக்காரர் கொடுத்த ஆல்பம், அதில் பாதிப் படங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை. பிரசவம் பார்த்த அரசு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, கணவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். சீர்வரிசைப் பாத்திரத்தில் வெட்டிய பெயரைக்கூடப் படம் எடுத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஜீவனாம்ச வழக்கில் திருமணத்தைக் கிரிமினல் வழக்கு அளவுக்குக் கறாராக நிரூபிக்கத் தேவையில்லை, கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. முதல் கல்யாணத்தை மறைத்து ஒரு பெண்ணை ஏமாற்றிக் கட்டியவன், பிறகு அதே கல்யாணத்தைச் செல்லாது என்று காட்டித் தப்பிக்க முடியாது என்று 2013-இல் சொன்னது.

இதுவரை பேசியது மனைவியின் உரிமையைப் பற்றி. அதில் சட்டத்திலேயே சில சந்துகள் உண்டு, வாதாட இடம் உண்டு. ஆனால் பிள்ளை விஷயத்தில் கட்டுரையாளர் எழுதியிருப்பதற்கு எந்த மூலையிலும் இடமில்லை.

1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைமுறைச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதன் 488-ஆம் பிரிவே, முறையான திருமணத்தில் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத குழந்தைக்குத் தகப்பன் பராமரிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. 1973 சட்டத்தின் 125-ஆம் பிரிவு அதையே சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மூன்று சட்டங்கள், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே வாக்கியம். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் தாயையும் சேர்த்துக் கடமைக்கு உட்படுத்தினார்கள். அங்கேயும் பெற்றோரின் கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஒரு படி மேலே போய், செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளை என்றே அறிவிக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு, கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது.

இதைவிட ஒரு தீர்ப்பைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாக விளங்கும். 2005-இல் குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. கணவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். இரண்டாவதாக வந்த பெண் சட்டப்படி மனைவி அல்ல, அவருக்கு ஜீவனாம்சம் இல்லை என்று நீதிமன்றம் கைவிரித்தது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அதே நீதிபதிகள், அதே தீர்ப்பில், அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கூட்டினார்கள். தாயை மனைவி இல்லை என்று சொன்ன நீதிமன்றத்துக்கே பிள்ளையின் தொகையில் கைவைக்கத் துணிவு வரவில்லை. கட்டுரையாளருக்கு வந்திருக்கிறது.

தாய் வேறொருவரோடு வாழ்கிறாள் என்று நிரூபித்தால் அவளுடைய ஜீவனாம்சம் போகும், பிள்ளையுடையது போகாது. முஸ்லிம் தகப்பனுக்கும் இதே கடமைதான். விவாகரத்தான பெண்களுக்கான 1986 சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கைவிட முடியாது என்று 1997-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சந்தேகம் என்ற பெயரில் டி.என்.ஏ. கேட்டு இழுத்தடிக்கும் யோசனையும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. செல்லும் திருமணம் நீடிக்கையில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை என்றே சட்டம் கொள்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால் ஒழிய அதை அசைக்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடக் கூடாது, அதில் மானம் போவது பிள்ளைக்கு என்பதே உச்ச நீதிமன்றத்தின் பார்வை. ஜீவனாம்சத் தொகையில் இரண்டாயிரம் குறைக்க, ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் பிறப்பைக் கோர்ட்டில் ஏற்றச் சொல்கிறவரோடு எனக்குப் பேரம் கிடையாது.

மூன்றாவது அறிவுரைக்கு வருகிறேன். காட்டினால் காசு, காட்டாவிட்டால் காசு இல்லை.

கோர்ட்டில் இவை இரண்டு தனித்தனி மனுக்கள். பராமரிப்புக்கு எம்.சி. என்று நம்பர் ஆகும். பிள்ளையைப் பார்க்கவும் வைத்துக்கொள்ளவும் 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி ஓ.பி. போட வேண்டும், அல்லது நடந்துகொண்டிருக்கும் விவாகரத்து வழக்கிலேயே இடைமனு போட வேண்டும். தாய் உத்தரவை மீறினால் அதை நிறைவேற்றக் கேட்டு மனுப் போடலாம், அவமதிப்புக்கும் போகலாம், பொறுப்பையே மாற்றிக் கேட்கலாம். பணத்தை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் எந்தச் சட்டமும் தகப்பன் கையில் கொடுக்கவில்லை. காரணம் எளிது. உத்தரவை மீறியவள் தாய். பட்டினி கிடப்பது பிள்ளை. ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவரின் தட்டைப் பறிப்பதைத் தண்டனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் தன் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நிலுவைக்கு வாரண்ட் வரும். சம்பளத்தைப் பிடிப்பார்கள். அப்படியும் கட்டாவிட்டால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1989-லேயே உச்ச நீதிமன்றம் அந்த நினைப்பை உடைத்துவிட்டது. சிறை, கட்ட வைப்பதற்கான வழி. உள்ளே இருந்த நாளுக்கும் பாக்கி பாக்கிதான்.

அந்தப் பணத்தை அவள் தனக்குச் செலவு செய்துகொள்கிறாள் என்ற புலம்பலும் கட்டுரையில் இரண்டு இடத்தில் வருகிறது. 2020 நவம்பரில் ராஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு படிவம் வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். தாய் தரப்புத் தாளில் பள்ளிக் கட்டணம், வேன் காசு, நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், வீசிங்குக்கு இன்ஹேலர், வீட்டு வாடகை என்று பேனாவால் நெருக்கி எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ரசீது பின் செய்திருக்கும். தகப்பன் தரப்பில் பல நேரம் மாத வருமானம் எட்டாயிரம் என்று ஒரே வரி. அடுத்த பக்கத்தில் கார் லோனுக்கு மாதத் தவணை பன்னிரண்டாயிரம். எட்டாயிரம் சம்பாதிப்பவர் பன்னிரண்டாயிரம் தவணை எப்படிக் கட்டுகிறார் என்று நீதிபதி கேட்கும்போது பதில் இருக்காது. சந்தேகம் உண்மையிலேயே இருக்கிறதா, பணம் நேராகப் பள்ளிக்கே போகட்டும் என்று கேளுங்கள். பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்கிப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். கோர்ட் அதற்கு வழி செய்து தரும். எனக்குத் தெரிந்து அப்படிக் கேட்டு வருகிறவர்கள் கட்டுவதற்கு மனம் உள்ளவர்கள். நிறுத்த நினைப்பவர்களுக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு, எனக்கு வருமானம் இல்லை என்று நிற்கும் தந்திரமும் பலிக்காது. உடம்பில் தெம்பு இருக்கிறவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய் சம்பாதிக்கிறாளே என்பதில் மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ராஜ்னேஷ் தீர்ப்பே, தாய்க்குப் போதிய வருமானம் இருந்தால் படிப்புச் செலவை வருமான விகிதப்படி பகிரலாம் என்கிறது. பகிர்வது என்றால் இருவரும் கொடுப்பது. தகப்பன் விலகிக்கொள்வது அல்ல.

ஐந்து வயது முடிந்ததும் பிள்ளை அப்பாவுக்கு என்று அவர் போகிற போக்கில் எழுதியதையும் விட முடியாது. ஊரில் இதை வேதவாக்காக நம்புகிறார்கள். ஐந்தாவது பிறந்த நாளுக்குக் காரோடு வந்து நின்ற குடும்பம்கூட உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. முடிந்த பிறகு தகப்பனிடம் போக வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன் என்கிறது. தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பின் தாய் என்ற வரியையும் அவர் மேற்கோள் காட்டுகிறார். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனின் பாதுகாவலராகக் கையெழுத்திட்டுப் பத்திரங்கள் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பியது. 1999-இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் செத்த பிறகுதான் தாய் என்று அந்த வரியைப் படிக்கக் கூடாது, தகப்பன் பொறுப்பில் இல்லாத போதெல்லாம் தாயே பாதுகாவலர் என்று தீர்த்துவைத்தது. கட்டுரையாளர் மேற்கோள் காட்டும் வரிக்கு இன்று அதுதான் பொருள்.

தகப்பன்மார்களுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வந்து, குடும்பநல நீதிமன்றத்தில் பிள்ளைகளைப் பார்க்க விடும் அறையில் பொம்மைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணிவரை வாசலையே பார்த்திருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல், டியூஷன், பரீட்சை என்று வாரா வாரம் ஒரு காரணம் வரும். அது கொடுமை. அந்தத் தாய்மாருக்கு ஆஜராகும் வக்கீல்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா அப்பா இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை, நேரில் முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேச விட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது. பிள்ளையின் மனத்தைப் பெற்றவர் மேலேயே திருப்பிவிடுவதைத் தாய்மார் மட்டுமே செய்வதுபோல் கட்டுரை எழுதுகிறது. இதை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசிய 2017 வழக்கில் பிள்ளை இருந்தது தகப்பனிடம். நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் அனுப்பியது.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில், 1973-லேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. கட்டுரையாளர் அரை நூற்றாண்டு கழித்து வந்து பிள்ளையைப் பணயப் பொருளாக வைக்கச் சொல்கிறார்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த மாதத் தொகையை நிறுத்தியவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலுவையை இந்த வாரமே கட்டுங்கள். வங்கி மூலம் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்க்க முடியாத ஒவ்வொரு தேதியையும், அன்றைக்கு வந்த காரணத்தையும் எழுதி வைத்து, தனி மனுவாகப் போடுங்கள். ஒரு மாதமும் தவறாமல் கட்டிய தகப்பன் பார்வை நேரம் கேட்டு நிற்கும்போது நீதிபதி அவரைப் பார்க்கும் பார்வையே வேறு. பணம் நின்றுபோன தாய்மார்கள், பெண் என்ற ஒரே தகுதியில் இலவச வக்கீல் பெறலாம், வருமான வரம்பு கிடையாது. தாலுகா அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். இடைக்காலத் தொகை மனுவை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா ஆகிறது. ஆனாலும் தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அதனால் நாள் கடத்தாமல் போடுங்கள். கல்யாணம் பதிவாகவில்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள்.